உரிமையாளரை எதிர்த்த ரசிகர் போராட்டங்கள்: எது வலித்தது, எது வலிக்கவில்லை?

#1 தூரக்கம்பம்

ரசிகர் போராட்டம் என்றதும் எல்லோருக்கும் கண்முன் வருவது படங்கள்தான். 2010இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் முழுக்கப் பச்சையும் தங்கமுமாய் ஸ்கார்ஃப். 2012இல் பிளாக்பர்ன் ஆடுகளத்தில் கொடி போர்த்தி விட்ட உயிர்க்கோழி. 2021இல் லிவர்பூல் ஆட்டத்தையே தள்ளிப்போட வைத்த மான்செஸ்டர் கூட்டம். 2024இல் ஜெர்மனியில் டென்னிஸ் பந்து மழை. படத்துக்கு எல்லாமே ஜோர். உரிமையாளருக்கு எது வலித்தது என்று கேட்டால் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

அதைப் பேசத்தான் இந்த இழை. ஆண்டு, தொகை, விதி, எங்கே சொதப்பியது என்று எழுதுங்கள். "எங்கள் கிளப் ரசிகர்கள்தான் உலகத்திலேயே..." வகையறாவுக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

முதல் கல்லை நானே எறிகிறேன். பச்சை-தங்கப் போராட்டம் தோல்விதான். நியூட்டன் ஹீத் என்ற பெயரில் 1878இல் தொடங்கிய கிளப்பின் பழைய நிறம் அது. சிவப்பை விட்டுவிட்டு அதை அணிவது என்ற யோசனை அபாரம்: கிளப் கடைக்குக் காசு போகாது, தூரத்திலிருந்தே தெரியும், டிவி கேமராவால் ஒளிக்க முடியாது. 2010 மார்ச் 10 அன்று ஏசி மிலான் அணியோடு வந்த முன்னாள் யுனைடெட் வீரர் பெக்கம், ஆட்டம் முடிந்து போகையில் ஒரு ஸ்கார்ஃபை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மஸ்ட் என்ற ரசிகர் அமைப்பின் உறுப்பினர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. ஆனால் ஸ்கார்ஃப் போட்ட அத்தனை பேரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அந்த சீசனில் ஆட்ட நாள் வருமானம் மட்டும் சுமார் 100 மில்லியன் பவுண்டு. நிரம்பிய மைதானம் எந்த நிறத்தில் இருந்தால் உரிமையாளர் கிளேசருக்கு என்ன?

#2 கணக்குப்பிள்ளை

ஸ்கார்ஃபைக் குறை சொல்லிப் பயனில்லை. 2010 வருவதற்குள் வண்டி ஊரைத் தாண்டிவிட்டது. அது 2005 மே மாதத்திலேயே தோற்றுப்போன சண்டை.

கிளப் 1991இல் லண்டன் பங்குச் சந்தையில் இறங்கியது. சந்தையில் இருக்கும் கிளப்புக்கு மூன்று எண்கள்தான் தலையெழுத்து. 25 சதவீதத்துக்கு மேல் பங்கு ஒரு கூட்டத்தின் கையில் இருந்தால் சிறப்புத் தீர்மானம் எதையும் தடுத்துவிடலாம். 75ஐ ஒருவர் எட்டிவிட்டால் கிளப்பைச் சந்தையிலிருந்து விலக்கி, தனியார் கம்பெனியாக மாற்றி, அதை வாங்குவதற்குப் பட்ட கடனுக்கு அதன் சொத்தையே ஈடு வைக்கலாம். 90ஐத் தொட்டால் மிச்சப் பங்குகளைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம். "உயிரே போனாலும் விற்க மாட்டேன்" என்று பங்குப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய ரசிகருக்கும் காசோலைதான் வரும்.

பங்குதாரர் சங்கம் வைத்திருந்த ரசிகர்களுக்கு இது தெரியும். 25ஐத் தாண்டத்தான் சில்லறை சில்லறையாகப் பங்கு சேர்த்தார்கள். மே 12 அன்று அயர்லாந்துக் குதிரை முதலாளிகள் மேக்னியரும் மெக்மானஸும் தங்களிடமிருந்த 28.7 சதவீதத்தைப் பங்கு ஒன்றுக்கு 300 பென்ஸ் என்று கிளேசருக்குக் கொடுத்தார்கள். நான்கு நாளில் 75 தாண்டியாயிற்று. மொத்த விலை சுமார் 790 மில்லியன் பவுண்டு, பாதிக்கு மேல் கடன். 1931க்குப் பிறகு கடன் சுமை அறியாத கிளப் அது.

கடனில் ஒரு பகுதி ஹெட்ஜ் ஃபண்டு என்ற தனியார் முதலீட்டு நிதிகளிடம் வாங்கியது. வட்டியைக் கட்டாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகிற ரகம், நம்மூர் வட்டிக்கு வட்டிதான். 14.25 சதவீதத்தில் ஓடி, 2010இல் 16.25க்கு ஏறியது.

2010 ஜனவரியில் கடன் பத்திரம் வெளியிட்டார்கள்: 250 மில்லியன் பவுண்டு 8.75 சதவீதத்தில், 425 மில்லியன் டாலர் 8.375 சதவீதத்தில். அதற்கான விளக்க ஆவணம்தான் பச்சை-தங்கத்துக்குத் தீ வைத்தது. கிளேசர் குடும்பத்தினர் கிளப்பிடமிருந்தே 10 மில்லியன் பவுண்டு கடன் வாங்கியிருந்தது வரை அதில் இருந்தது. ஆனால் பாருங்கள், ஊருக்குக் கோபம் வந்த அதே மாதத்தில் கடன் 2017 வரைக்கும் பூட்டப்பட்டுவிட்டது. கடன் கொடுத்தவரிடம் போய் "இவர்களுக்குப் புதுப்பித்துக் கொடுக்காதே" என்று கேட்கக்கூட வழியில்லை.

#3 வல்வை உதைபந்து

கணக்குப்பிள்ளை முடிச்ச இடத்திலதான் லிவர்பூல் தொடங்குது.

2007 பெப்ரவரியில அமெரிக்க முதலாளிமார் ஹிக்ஸும் ஜிலெட்டும் கழகத்தை வாங்கேக்க, கிளேசர் மாதிரிக் கடனை ஏத்தமாட்டம் எண்டு சொன்னவை. 60 நாளுக்குள்ள புது மைதானத்துக்கு மண் வெட்டுவம் எண்டும் சொன்னவை. மண் வெட்டேல்லை, கடன் மட்டும் ஏறிச்சுது. 2008 தொடக்கத்தில ஆர்பிஎஸ், வக்கோவியா ரெண்டு வங்கியிட்டயும் 350 மில்லியன் பவுண்ஸுக்குக் கடனைப் புதுப்பிச்சவை. ஸ்பிரிட் ஒஃப் ஷாங்க்லி எண்ட இரசிகர் சங்கம் தொடங்கினதும் அந்த நேரம்தான்.

மான்செஸ்டரில 7 வருசப் பத்திரம். லிவர்பூலில குறுகிய தவணைக் கடன், திருப்பித் திருப்பிப் புதுப்பிக்க வேணும். கடைசித் தவணை 2010 ஒக்டோபர் 15. ஊர்வலம், பதாகை, ஆட்டம் முடிஞ்ச பிறகு கொப் எண்ட இரசிகர் பக்கத்தில இருந்து எழும்பாமல் இருக்கிறது எல்லாம் நடந்ததுதான். ஆனால் உண்மையான வேலை கணினிக்கு முன்னால நடந்தது. ஹிக்ஸ் புதுக்கடனுக்கு ஆரோட கதைக்கிறார் எண்டு செய்தி வந்த உடனை, அந்த நிறுவனத்தின்ர அதிகாரிகளுக்கும் ஊடகப் பிரிவுக்கும் மின்னஞ்சல் குவிஞ்சது. சாரம் ஒண்டுதான்: இந்தக் கடனைக் குடுத்தால் உங்கட பேரும் சேர்ந்து அடிபடும். பிளாக்ஸ்டோன் எண்ட முதலீட்டு நிறுவனத்தின்ர ஜிஎஸ்ஓ பிரிவு அப்பிடி மாட்டின ஒரு இடம். அங்க கடன் சரிவரேல்லை. எல்லாம் முடிஞ்ச பிறகு தொலைக்காட்சிப் பேட்டியில ஹிக்ஸே இணையப் பிரசாரத்தைத்தான் குறை சொன்னவர்.

பிறகு நடந்தது படம் மாதிரி. ஒக்டோபர் 13 லண்டன் உயர் நீதிமன்றம் விற்பனைக்கு வழி விட்டது. அண்டிரவே டலஸ் நீதிமன்றத்தில ஹிக்ஸ் தரப்பு தடை வாங்கினது. 15ஆம் திகதி தடை விலகி, 300 மில்லியன் பவுண்ஸுக்கு ஜோன் ஹென்றியின்ர நிறுவனத்துக்குக் கைமாறிச்சுது.

#4 மஞ்சள்அட்டை

மின்னஞ்சலுக்கு இவ்வளவு பெரிய மாலை வேண்டாம் அண்ணே. அவர்களை வெளியேற்றியது வங்கி. 2008 சரிவில் பிரிட்டிஷ் அரசு கைகொடுத்துத் தூக்கிவிட்ட வங்கி ஆர்பிஎஸ். பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருந்தது. அதற்குப் போட்ட பணம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

2010 ஏப்ரலில் கடனை நீட்டித்தபோது மார்ட்டின் பிராட்டனைத் தலைவராக உட்கார வைத்தார்கள். இயக்குநர் குழுவில் ஐந்து பேர்: பிராட்டனும் கிளப் நிர்வாகிகள் பர்ஸ்லோ, ஏயரும் ஒரு பக்கம், ஹிக்ஸும் ஜிலெட்டும் மறுபக்கம். குழுவை மாற்றும் அதிகாரம் பிராட்டனுக்கு மட்டும். அக்டோபர் முதல் வாரத்தில் ஹிக்ஸ் இரண்டு பேரைத் தூக்கிவிட்டுத் தன் மகனையும் இன்னொருவரையும் போடப் பார்த்தார். நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. 3-2 என்ற அந்த எண்ணிக்கைதான் கிளப்பை விற்றது.

#5 வல்வை உதைபந்து

தம்பி, 3-2 எண்டது ஹிக்ஸ் வங்கிக்குக் கடன்காரனா இருக்கிற வரைக்கும்தான். 200 சொச்ச மில்லியனை வேற எங்கையாவது புரட்டி ஆர்பிஎஸ்ஸை அடைச்சிருந்தால் பிராட்டனும் இல்லை, நிபந்தனையும் இல்லை. கடைசி ஆறு மாசமும் அந்தாள் அதைத்தான் தேடித் திரிஞ்சது. அந்த வழியை அடைச்சதில இரசிகருக்குப் பங்கு இருக்கு. எவ்வளவு பங்கு எண்டதில வேணுமெண்டால் சண்டை பிடிப்பம்.

நீர் சொன்ன இன்னொரு விசயமும் இரசிகருக்குச் சாதகமாத்தான் வந்தது. அரச பணத்தில நிக்கிற வங்கி எண்டபடியால் "எங்கட வரிப்பணம்" எண்டு எம்பிமாரிட்டயும் போகலாம். தனியார் ஹெட்ஜ் ஃபண்டுக்கு ஆர் எம்பி?

#6 நான்காம் நடுவர்

கடன் வழியே உரிமையாளரைப் பிடிப்பது ஒரு வகை. கடனே இல்லாத, பணத்தை உறிஞ்சி எடுக்கிற உரிமையாளரை என்ன செய்வது? பிளாக்பூல்தான் பாடம்.

2010-11இல் ஒரே ஒரு சீசன் பிரீமியர் லீக். அந்த ஆண்டு உரிமையாளர் ஓவன் ஆய்ஸ்டனின் கம்பெனிக்குப் போன தொகை மட்டும் 11 மில்லியன் பவுண்டு. பிறகு சறுக்கு மரம். 2015 மே 2, ஹடர்ஸ்ஃபீல்டு ஆட்டத்தில் 48ஆவது நிமிடம் ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்கினார்கள், ஆட்டம் கைவிடப்பட்டது. படம் கிடைத்தது, கூடவே வழக்குகளும். 0-0 என்ற கணக்கு அப்படியே நின்றது. அதன் பிறகு வந்ததுதான் பெரிது: "இனி ஒரு பென்னிகூடக் கிடையாது".

வெறுமனே "இனி வரமாட்டேன்" என்று கோபித்துக்கொண்டு போனவர் மூன்றாவது வாரம் திரும்பி வந்துவிடுவார். இது ஆண்டுக்கணக்கில் தாங்கியதற்குக் காரணம், எது கூடும், எது கூடாது என்பது தெளிவாக இருந்தது. உள்ளூர் ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லை, சீசன் டிக்கெட் இல்லை. கிளப் கடை, மைதானத்து பீர், தின்பண்டம் எதுவும் இல்லை. வெளியூர் லீக் ஆட்டத்துக்குப் போகலாம், ஏனென்றால் இங்கிலாந்து லீக்கில் வாசல் வசூல் ஆட்டத்தை நடத்தும் கிளப்புக்கே சேரும். ஆய்ஸ்டனுக்கு அதில் ஒன்றுமில்லை. இந்த ஒரு ஓட்டைதான் போராட்டத்தை உயிரோடு வைத்திருந்தது. சனிக்கிழமை வந்தால் கூடுவதற்கு ஓர் இடம், அணியைப் பார்க்க ஒரு வழி.

சிக்கிக்கொள்ளும் இடம் கோப்பை ஆட்டங்கள். எஃப்ஏ கோப்பையில் அன்றைய விதிப்படி செலவு போக மிஞ்சும் வசூலில் இரு கிளப்புக்கும் ஆளுக்கு 45 சதவீதம், 10 சதவீதம் பொது நிதிக்கு. அதாவது வெளியூரில் நடந்தாலும் நீங்கள் வாங்கும் டிக்கெட்டில் கிட்டத்தட்டப் பாதி சொந்த உரிமையாளருக்குப் போகிறது. லீக்கில் கூடும் என்பது கோப்பையில் கூடாது.

இன்னொரு தொல்லை கூட்ட எண்ணிக்கை. அறிவிக்கிற எண் கொடுக்கப்பட்ட டிக்கெட்டின் எண், உட்கார்ந்த தலையின் எண் அல்ல. காலி இருக்கையைப் படம் எடுத்து வைக்காவிட்டால் "ரசிகர்கள் எங்களோடுதான்" என்று அறிக்கை வந்துவிடும். ஆனால் சில எண்களை மறைக்க முடியாது. 2017 மே 28, வெம்பிளியில் எக்ஸெடரோடு, நான்காம் அடுக்கான லீக் டூவிலிருந்து மேலே போவதற்கான பிளே-ஆஃப் இறுதி ஆட்டம், வந்தவர்கள் 23,380. பிளே-ஆஃப் இறுதிக்கு அது குறைந்த கூட்டம்தான். தன் அணி மேலே போகிற நாளிலும் வராமல் இருந்தார்கள். அதைவிடக் கடினமானது கால்பந்தில் எதுவும் இல்லை.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: பகிஷ்கரிப்பு மட்டும் அவரை இறக்கவில்லை. லாட்வியாவைச் சேர்ந்த சிறுபான்மைப் பங்குதாரர் பெலோகன் வழக்குப் போட்டு, 2017 நவம்பரில் 31.27 மில்லியன் பவுண்டு கொடுத்து அவர் பங்கை வாங்கும்படி ஆய்ஸ்டனுக்கு உத்தரவானது. முழுத்தொகை வரவில்லை. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் சொத்தைப் பொறுப்பேற்று விற்கும் ரிசீவரைப் போட்டது. வாசலில் பணம் வந்துகொண்டே இருந்திருந்தால் தவணை கட்டித் தப்பியிருப்பார் என்பது என் கணக்கு. மார்ச் 9 அன்று சவுத்எண்டு ஆட்டத்துக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். 15,871 பேர். ஆட்டம் 2-2, கடைசி நேரத்துக் கோலில் சமன்.

#7 முட்டைவிலை

நான்காம் நடுவர் சொல்ற வைத்தியம் எல்லா நோய்க்கும் கேக்காதுங்க. பிளாக்பர்னைப் பாருங்க.

முட்டை விலை பாக்கிற யாருக்கும் என்இசிசி தெரியும், நாமக்கல் மண்டலத்துக்குத் தினமும் விலை சொல்ற அமைப்பு. அதைத் தொடங்கின பி.வி. ராவோட குடும்பம்தான் புனே கோழிக் கம்பெனி வெங்கீஸ். 2010 நவம்பர்ல 23 மில்லியன் பவுண்டுக்கு பிளாக்பர்ன் ரோவர்ஸை வாங்குனாங்க. டிசம்பர் 13 பயிற்சியாளர் அல்லார்டைஸை வெளிய அனுப்புனாங்க. 2012 மே 7 விகன்கிட்ட 0-1 தோத்து பிரீமியர் லீக்கை விட்டு எறக்கம். அன்னைக்குதான் அந்தக் கோழி. அடுத்த சீசன்ல பயிற்சியாளரா ஹென்னிங் பெர்க் 57 நாள், ஆப்பிள்டன் 67 நாள். கோழிப்பண்ணையில ஒரு பேட்ச் குஞ்சு விட்டுப் பிடிச்சு, கொட்டகையைச் சுத்தம் பண்ணி அடுத்த பேட்ச் விடுற கால அளவுதான் அது.

போராட்டத்துல குறையே இல்ல. கிளப் தொடங்குன வருசம் 1875, அதனால 18ஆவது நிமிசம் உள்ள வந்து 75ஆவது நிமிசம் வெளிய போறதுன்னு ஒண்ணு வெச்சாங்க. யோசனை அழகு. 31,000 பேர் உக்கார்ற இவுட் பார்க்ல 2016-17ல சராசரிக் கூட்டம் பாதிக்கும் கீழ. அப்புறமும் உரிமையாளர் அசையல. ஏன்? ஆய்ஸ்டன் கிளப்ல இருந்து எடுத்தவர். இவங்க போடுறவங்க. வருசா வருசம் விழுற துண்டைப் புனேயில இருந்து பணம் அனுப்பித்தான் நிரப்புறாங்க. நீங்க டிக்கெட் வாங்கலேன்னா துண்டு இன்னும் பெருசாகும், நாளைக்கு நல்லவன் எவனாச்சும் வாங்க வந்தாலும் அந்தக் கணக்கைப் பாத்து ஓடுவான்.

இதுல உச்சம் என்னன்னா, அவங்களுக்கு நெசமா நெருக்கடி வந்தது ரசிகர் வழியா இல்ல. 2023ல இருந்து லண்டனுக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்ற அனுமதியும் வங்கி உத்தரவாதமும் வேணும்னு ஆச்சு. உடனே வலி யாருக்கு? வீரர் வாங்குற பட்ஜெட்டுக்கு. அதாவது ரசிகனுக்கே.

#8 தூரக்கம்பம்

முட்டைவிலை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "வெளியே போ" என்ற கோரிக்கையை நிறைவேற்ற உரிமையாளர் ஒருவரால் முடியாது, வாங்க இன்னொருவர் வேண்டும். "இதை மாற்று" என்றால் அவரே நாளைக்கே செய்யலாம். அதற்கு லிவர்பூலிலேயே உதாரணம் இருக்கிறது.

2016 பிப்ரவரி. புது மெயின் ஸ்டாண்டில் டிக்கெட் விலை 77 பவுண்டு வரை என்று அறிவித்தார்கள். பிப்ரவரி 6 சண்டர்லாந்து ஆட்டம், 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு 2-2. எழுதி வைத்த நாடகம்கூட இவ்வளவு பொருந்தாது. நான்கே நாளில் மன்னிப்பு, அதிகபட்ச விலை 59 பவுண்டிலேயே இரண்டு சீசனுக்கு நிறுத்தி வைப்பு.

இதில் கவனிக்க வேண்டியது: கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்த எண்ணே கடிகாரமாகவும் ஆகிவிட்டது, டிவி வர்ணனையாளர் விளக்காமல் இருக்க முடியாது. போகிறவருக்கு இழப்பு 13 நிமிடம், டிக்கெட் காசு ஏற்கனவே கொடுத்தாயிற்று, அதனால் தயங்கியவரும் சேர்ந்தார். இதே வெளிநடப்பை "உரிமையாளரே போ" என்பதற்கு வைத்திருந்தால் மறுவாரம் மறந்திருப்பார்கள்.

#9 தெற்குவளைவு

டென்னிஸ் பந்து பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்து கணக்குப் பார்த்து வடிவமைத்த போராட்டம் என்றால் அதுதான்.

பின்னணி: 2023 டிசம்பர் 11, ஜெர்மன் லீக் அமைப்பான டிஎஃப்எல் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. ஒளிபரப்பு உரிமைகளை ஒரு புதுக் கம்பெனியில் போட்டு, அதன் வருமானத்தில் 8 சதவீதத்தை 20 ஆண்டுக்கு ஒரு முதலீட்டாளருக்குக் கொடுப்பது, பதிலுக்கு சுமார் 1 பில்லியன் யூரோ. 36 கிளப்பில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், சரியாக 24 வாக்கு விழுந்தது. ஒரு வாக்கு குறைந்தாலும் கிடையாது. ஹனோஃபர் கிளப்பின் மார்ட்டின் கிண்டுக்கு, எதிர்த்து வாக்களிக்கும்படி தாய்ச் சங்கம் சொல்லியிருந்தது. ரகசிய வாக்கெடுப்பு என்பதால் அவர் எப்படிப் போட்டார் என்ற சந்தேகம் தீரவே இல்லை. அங்கே 50+1 விதி இருக்கிறது: கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். அந்த விதியின் இடுப்பிலேயே கைவைத்ததாக ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் ஒவ்வோர் ஆட்டத்திலும் தொடக்க 12 நிமிடம் மௌனம். 2012இல் பாதுகாப்புத் திட்டத்தை எதிர்த்து நடந்த 12 நிமிடம் 12 வினாடி மௌனத்தின் தொடர்ச்சி அது. பிறகு பந்துகள். ஏன் டென்னிஸ் பந்து? சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோகலாம். யார் மேல் பட்டாலும் காயம் பெரிதாக இருக்காது. மஞ்சள் நிறம் கேமராவில் பளிச்சென்று தெரியும். முக்கியமாக, உருண்டு சிதறும். கடைசிப் பந்து பொறுக்கி முடியும் வரை நடுவர் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. பொறுக்கி முடித்ததும் அடுத்த கை. தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் நாணயமும் போட்டார்கள், புல்லுக்குள் தேடிப் பொறுக்க அது இன்னும் நேரம் பிடிக்கும். பிற்பாடு புகை கக்கும் ரிமோட் கார்கூட ஓடியது.

அடிபட்டது எது என்று பாருங்கள். விற்கப்போவது ஒளிபரப்பு நேரம். பிப்ரவரி 3 ஹெர்த்தா–ஹாம்பர்க் ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது, அடுத்த வாரம் யூனியன்–வோல்ஃப்ஸ்பர்க் ஆட்டமும் நீண்ட நேரம் நின்றது. ஒரு ஆட்டம் அவ்வளவு நேரம் தள்ளினால் பின்னால் வரும் நிகழ்ச்சி எல்லாம் குலையும். வாங்க வந்தவர் வாங்கப்போகும் பொருளே நேரலையில் கெட்டுப்போகிறது. வாங்க வந்த முதலீட்டு நிறுவனங்களில் பிளாக்ஸ்டோன் விலகியது, சிவிசி மட்டும் மிஞ்சியது. பிப்ரவரி 21 அன்று டிஎஃப்எல் திட்டத்தையே கைவிட்டது.

ஒரு எல்லைக்கோடு எல்லோருக்கும் மனப்பாடம். நடுவருக்கு மூன்று படி: நிறுத்தி அறிவிப்பு, அணிகளை உள்ளே அனுப்புவது, ஆட்டத்தைக் கைவிடுவது. மூன்றாம் படிக்குப் போனால் புள்ளி பறிபோவது சொந்த அணிக்குத்தான். அதனால் இரண்டாம் படியின் விளிம்பு வரை போய் நிறுத்தினார்கள். சறுக்கியதும் உண்டு. பிப்ரவரி 9 ஹாம்பர்க்–ஹனோஃபர் ஆட்டத்தில் ஹனோஃபர் ரசிகர்கள் கிண்டின் படத்தைத் துப்பாக்கிக் குறிவட்டத்துக்குள் வைத்துக் காட்டினார்கள். அன்றைக்கு முதலீட்டாளர் பேச்சே அடிபட்டுப்போய், எல்லோரும் அந்தப் படத்தைப் பற்றியே பேசினார்கள்.

#10 மஞ்சள்அட்டை

இதை அப்படியே இங்கிலாந்தில் செய்தால்? சார்ல்டன், கோவென்ட்ரி ரசிகர்கள் சேர்ந்து 2016 அக்டோபரில் பிளாஸ்டிக் பன்றி எறிந்தார்கள், ஆட்டம் நின்றது. உரிமையாளர் இருவருமே அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் நீடித்தார்கள்.

#11 நான்காம் நடுவர்

சட்டமே வேறு. 1991ஆம் ஆண்டுக் கால்பந்துக் குற்றங்கள் சட்டத்தில், ஆடுகளத்தை நோக்கி எதை எறிந்தாலும் குற்றம். டென்னிஸ் பந்தும் சரி, பன்றி பொம்மையும் சரி. அனுமதியில்லாமல் ஆடுகளத்தில் கால் வைப்பது தனிக் குற்றம். தண்டனை அபராதத்தோடு நிற்காது. நீதிமன்றம் தடை உத்தரவு போட்டால் குறைந்தது மூன்று ஆண்டு எந்த மைதானத்துக்கும் போக முடியாது, இங்கிலாந்து அணி வெளிநாட்டில் ஆடும்போது பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டிவரும். ஜெர்மனியில் நின்றபடி பார்க்கும் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக எறிவார்கள், யார் என்று பிரிப்பது கடினம். இங்கே இருக்கை எண், சீசன் டிக்கெட் பெயர், கேமரா மூன்றும் சேர்ந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் இங்கிலாந்தில் நல்ல போராட்டம் எல்லாம் எறியாமல், இறங்காமல், எழுந்து போவதாகவோ வராமல் இருப்பதாகவோ இருக்கிறது.

பதாகைக்கும் ஒரு வார்த்தை. பெரிய துணிப் பதாகைக்குத் தீப்பிடிக்காத துணி என்ற சான்று கேட்பார்கள். சான்று இல்லை என்பதே அதை வாசலில் பிடுங்க நல்ல சாக்கு. முதலிலேயே அந்தத் துணியில் அடித்து, தாளைக் கையில் வைத்துக்கொள்வதுதான் வழி.

#12 கணக்குப்பிள்ளை

2021ஐ விட்டுவிட்டோம். ஏப்ரல் 18, ஐரோப்பியப் பெருங்கிளப்புகள் தனியே தொடங்கப் பார்த்த சூப்பர் லீக் அறிவிப்பு, இரண்டே நாளில் இங்கிலாந்து கிளப்புகள் ஆறும் பின்வாங்கின. மே 2 அன்று ஓல்டு டிராஃபோர்டுக்குள் கூட்டம் புகுந்தது, ஆட்டம் 13ஆம் தேதிக்குப் போனது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அதே மாதம் நடந்த சத்தமில்லாத வேறொன்று. டிஹெச்ஜி என்ற கம்பெனி பயிற்சி உடை விளம்பர ஒப்பந்தத்துக்குத் தயாராக இருந்தது. ரசிகர்கள் ஸ்பான்சர்களின் பொருளை வாங்காதே என்று கிளம்பியதும் பின்வாங்கியது. இணையத்தில் அழகுப் பொருளும் புரதப் பொடியும் விற்கிற கம்பெனி அது. வாடிக்கையாளர் ஒரே சொடுக்கில் வேறு கடைக்குப் போய்விடுவார். விமானக் கம்பெனியோ கார்க் கம்பெனியோ இவ்வளவு சீக்கிரம் பயப்படாது. யாரிடம் போய்க் கேட்பது என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

அதற்குப் பிறகு ஜோயல் கிளேசர் ரசிகர் பிரதிநிதிகள் முன் வந்தார், ஆலோசனைக் குழு அமைந்தது, ரசிகர்களுக்குப் பங்கு தரும் திட்டம் பேசப்பட்டு அப்படியே கிடக்கிறது. 2012இல் நியூயார்க் சந்தையில் பங்கு ஒன்றை 14 டாலருக்கு விற்றபோதே குடும்பம் வைத்திருக்கும் பி வகுப்புப் பங்குக்கு ஒன்றுக்குப் பத்து வாக்கு என்று வைத்துவிட்டார்கள். 2005இல் கனவு கண்ட அந்த 25 சதவீதத் தடுப்பு இன்றைக்கு எவ்வளவு பங்கு வாங்கினாலும் நடக்காது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ராட்கிளிஃப் 27.7 சதவீதம் வாங்கியும் பெரும்பான்மை அங்கேயேதான்.

#13 முட்டைவிலை

நம்ம நாட்டுல ஒண்ணு ஜெயிச்சிருக்கு, அதையும் பதிவுல வெச்சிடலாம். 2020ல மோகன் பகானோட 80 சதவீதம் கோயங்கா குழுமத்துக்குப் போச்சு, பேரு ஏடிகே மோகன் பகான்னு ஆச்சு. 1889ல தொடங்குன கிளப்புக்கு முன்னாடி வேற கிளப்போட பேரு. "ஏடிகேவை நீக்கு"ன்னு பதாகை, பகிஷ்கரிப்பு, சமூக வலைத்தளத்துல எந்த அறிவிப்புக்குக் கீழ பாத்தாலும் அதே வாசகம், மூணு வருசம். 2023 மார்ச் 18 ஐஎஸ்எல் கோப்பை ஜெயிச்ச மேடையில கோயங்காவே பேரை மாத்துறோம்னு சொன்னாரு, இப்போ மோகன் பகான் சூப்பர் ஜயன்ட். தூரக்கம்பம் சொன்ன கணக்குதான். உரிமையாளர் போகல, பேரு போச்சு.

#14 மஞ்சள்அட்டை

நான்காம் நடுவருக்கு ஒரு கேள்வி. ரிசீவர் வந்தால் புள்ளி வெட்டு வராதா? லீக்கில் திவால் நிலைக்குப் போனால் 12 புள்ளி போகுமே. பிளாக்பூல் எப்படித் தப்பியது?

#15 நான்காம் நடுவர்

அந்தப் பயம் 2019இல் நிஜமாகவே இருந்தது. 12 புள்ளி வெட்டு திவால் நடவடிக்கைக்கு. பிளாக்பூலில் ரிசீவர் வந்தது கிளப் கடன் கட்ட முடியாததால் அல்ல, உரிமையாளர் தன் மேல் இருந்த தீர்ப்புத் தொகையைக் கட்டாததால். கிளப் பங்கும் சொத்தும் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றப் பிடிக்கப்பட்டவை. லீக் குழு ஏப்ரலில் கூடி வெட்டு இல்லை என்று முடிவு செய்தது. ஜூனில் சைமன் சாட்லர் வாங்கினார். கிளப்பின் பெயரிலேயே கடன் இருக்கிற இடத்தில் இதே வழியில் போனால் புள்ளி போகும், அதனால் முதலில் கம்பெனி பதிவாளரிடம் இருக்கும் ஆண்டுக் கணக்கையும் அடமானப் பட்டியலையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் இணையத்தில் இலவசம்தான்.